முதல் வேண்டாம் கணக்கில் சேராது

மதுரையில் ஒரு வீட்டுக்குப் போய், "காபி குடிக்கிறீங்களா?" என்று கேட்டவுடன் "குடுங்க" என்று சொல்கிற ஆள், ஒன்று அந்த வீட்டு மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், இல்லை கரண்ட் மீட்டர் குறிக்க வந்து வெயிலில் மயங்கியவராக இருக்க வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் "அய்யய்யோ வேண்டாம், இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன்" என்றுதான் சொல்வோம். குடித்திருக்க மாட்டோம். கேட்டவருக்கும் அது தெரியும். "அட, அரை டம்ளர்தான்" என்பார். "எதுக்குங்க சிரமம்" என்போம். மூன்றாவது முறை வாயால் கேட்க மாட்டார், டம்ளரோடு வந்து நிற்பார். நாமும் சலித்துக்கொண்டே வாங்கி முழு டம்ளரையும் குடித்து வைப்போம்.

இப்படி ஒரு விதி இருப்பதே எனக்கு ஐம்பத்தோரு வயது வரைக்கும் தெரியாது. மூச்சு விடுவதை யாராவது விதி என்று நினைப்பார்களா? ஆப்பிரிக்காவில் ஒரு வீட்டில் பசியோடு உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது.

மதுரை முழுக்கத் தேடி, இந்த விதிக்குக் கட்டுப்படாத ஒரே மனிதரைத்தான் எனக்குக் கட்டி வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஓர் அலுவலகத்தில் கிளார்க். கேட்டதற்குப் பதில் சொல்வார், சொன்ன பதிலை நம்புவார். கல்யாணமான புதிதில் "மல்லிகைப்பூ வாங்கட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றேன். இன்று வரைக்கும் வாங்கவில்லை.

நான் மிஷன் பள்ளியில் இருபத்தாறு வருடம் கணக்கு டீச்சர். மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு ஆனையூர் வீட்டில் நாங்கள் இருவர்தான். அப்போது எங்கள் சபை வழியாக ஒரு செய்தி வந்தது. மலாவி என்ற நாட்டில், ஒரு கிராமத்துப் பள்ளிக்குக் கணக்கு சொல்லித்தர ஆள் வேண்டும், இரண்டு வருடம். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு ஆசை.

"ஏங்க, ஆப்பிரிக்காவுக்கு டீச்சர் கேக்குறாங்களாம்," என்றேன்.

பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "ஒனக்குப் போகணும்னு இருக்கா?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

"அப்ப வேண்டாம்னு சொல்லிரு," என்று பேப்பருக்குள் போய்விட்டார்.

இரண்டு நாள் அடுப்படியில் பாத்திரங்கள் பட்ட பாடு பாத்திரங்களுக்குத்தான் தெரியும். மூன்றாம் நாள் நானே போய், "எனக்குப் போகணுங்க" என்றேன். "அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? போயிட்டு வா" என்றார். அதற்கும் எனக்கு வருத்தம். ஒரு மனைவி கண்காணாத தேசத்துக்குப் போகிறேன் என்கிறாள், மரியாதைக்காவது ஒரு தடவை "போகாதே" என்று சொல்லக் கூடாதா? சொல்லவில்லை. பெரிய பெட்டியின் ஜிப் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

பெட்டியில் பாதி பொடிதான். பருப்புப்பொடி, இட்லிப்பொடி, கருவேப்பிலைப்பொடி. போன இடத்தில் செம்மண் பாதை, இரண்டு பக்கமும் மக்காச்சோளக் காடு, நடுவில் தகரக் கூரை போட்ட பள்ளிக்கூடம், பின்னால் மொட்டைப் பாறையாக ஒரு மலை. போட்டோ அனுப்பினேன். "கீழக்குயில்குடி மலையடியில நின்னு எடுத்துட்டு ஆப்பிரிக்கான்னு சொல்றியா?" என்று வீட்டுக்காரரிடமிருந்து பதில் வந்தது.

தலைமை ஆசிரியைக்கு என் வயதுதான். என்னைவிட ஒரு சாண் உயரம். மெதுவாகப் பேசுவார், பேசியதைத் திரும்பச் சொல்ல மாட்டார். ஸ்டாஃப் மீட்டிங்கிலும் எதையும் ஒரு தடவைதான் சொல்வார், காதில் வாங்காதவர் பாடு அவர் பாடு. அங்கே எங்களுக்குள் எல்லாப் பேச்சும் இங்கிலீஷில்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் வீட்டுக்கு அழைத்துப் போனார். ஆராதனை இரண்டரை மணி நேரம், அதில் பாதி நேரம் நின்றுகொண்டு பாட்டு. வயிறு ஒட்டிப்போயிருந்தது. மேசையில் மூடி வைத்த பாத்திரங்களிலிருந்து வறுத்த மீன் வாசம் வந்தது. அவருடைய மகள் ஒரு கூஜாவும் கிண்ணமும் கொண்டுவந்து, என் கைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக முழங்காலிட்டு நின்றாள்.

"சாப்பிடலாம், வாருங்கள்," என்றார் தலைமை ஆசிரியை.

"அய்யோ, வேண்டாம். இப்போதுதான் சாப்பிட்டேன்," என்றேன், கை தானாகவே வயிற்றைத் தடவிக் காட்டியது.

அவர் சரியென்று தலையை ஆட்டினார். கூஜா உள்ளே போய்விட்டது. பிறகு ஒரு பாட்டில் ஆரஞ்சு சோடா வந்தது. எதற்குச் சிரமம் என்றேன். அதுவும் உள்ளே போய்விட்டது. குடும்பம் சாப்பிட்டது, நான் எதிரே உட்கார்ந்து மதுரையின் சிறப்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மீன் வரிசையாகக் குறைந்துகொண்டே வந்ததை என்னால் இன்றைக்கும் எண்ணிச் சொல்ல முடியும். வீட்டுக்குத் திரும்பி, சோறு வடித்து, பருப்புப்பொடி போட்டுப் பிசைந்து சாப்பிடும்போது, இப்படியும் ஒரு விருந்தோம்பலா என்று எரிச்சலாக வந்தது.

அடுத்த வாரம் இன்னொரு டீச்சர் வீடு. அதற்கடுத்து சபைப் பெரியவர் வீடு. எங்கேயும் முதல் வேண்டாமோடு கூஜா திரும்பிப் போனது. ஒரு மாதத்துக்குள் எல்லோரும் என்னை வீட்டுக்கு அழைப்பதை நிறுத்திவிட்டார்கள். வகுப்பில் ஒரு நாள், முன்பெஞ்சில் உட்காரும் ஒரு பெண் எழுந்து நின்று கேட்டாள். "மேடம், நீங்கள் எங்கள் சாப்பாட்டைத் தொட மாட்டீர்களாம். செம்மண் மாதிரி ஒரு பொடியைத்தான் தின்பீர்களாம். நிஜமா?"

எனக்குச் சுருக்கென்றது. பாவி, நான் மரியாதை என்று நினைத்துச் செய்ததை இந்த ஊர் திமிர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

அன்று சாயங்காலமே தலைமை ஆசிரியை வீட்டுக்குப் போய் எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "நீங்கள் சாப்பிட்டேன் என்றீர்கள். மறுபடியும் சாப்பிடுங்கள் என்று நான் சொன்னால், நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நான் சொன்ன மாதிரி ஆகாதா? வந்த விருந்தாளியை யாராவது பொய்க்காரி என்பார்களா?"

"நான் பொய்தான் சொன்னேன்," என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். உள்ளே போய், ஒரு தட்டில் அவித்த வள்ளிக்கிழங்கு கொண்டுவந்து, "சாப்பிடுகிறீர்களா?" என்றார். "ஆமாம்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் வகுப்பிலும் சொன்னேன். பிள்ளைகளுக்குத் தாங்க முடியாத சிரிப்பு. முன்பெஞ்சுப் பெண் மட்டும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "அப்படியானால் முதல் வேண்டாம் கணக்கில் சேராதா?" என்று கேட்டாள்.

"சேராது."

"இரண்டாவது?"

"அரை மதிப்பெண்."

"மூன்றாவது?"

"மூன்றாவதும் வேண்டாம் என்றால்தான் நிஜமாகவே வேண்டாம்."

அதை எழுதியே வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அது அந்த வகுப்பின் விளையாட்டாகிவிட்டது. யாராவது ஒரு கை வறுத்த கடலையை நீட்டி, "மேடம், வேண்டுமா?" என்பார்கள். நான் முகத்தைச் சுளித்து "வேண்டாம்" என்பேன். எண்பது பேரும் விரலை நீட்டி "ஒன்று!" என்று கத்துவார்கள். "இரண்டு!" மூன்றாவது தடவை நான் கடலையைப் பிடுங்கிக்கொள்வேன். பக்கத்து வகுப்பு டீச்சர் இது என்ன கணக்கு என்று இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார்.

வீடுகளில் அதற்குப் பிறகு கேட்ட மாத்திரத்தில் "ஆமாம்"தான். விளைவு, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நான்கு வீட்டில் மதியச் சாப்பாடு. அங்கே முக்கியச் சாப்பாடு, மக்காச்சோள மாவில் கிண்டிய வெள்ளைக் களி. அவர்கள் அதைச் சொல்கிற மாதிரி என் நாக்குக்கு வராது, நான் "இன்சிமா" என்பேன். கேப்பைக்களி தின்று வளர்ந்தவளுக்கு அதில் என்ன கஷ்டம்? உருட்டி, குழி செய்து, வேர்க்கடலைப் பொடி சேர்த்து வேகவைத்த கீரையை அள்ளி விழுங்கிவிடுவேன். கொண்டுபோன ஜாக்கெட் எல்லாம் ஒரு வருடத்தில் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

போன் சிக்னல் ஊருக்குள் ஒரே இடத்தில்தான் கிடைக்கும், ஆள் உயரக் கரையான் புற்று ஒன்றின் மேல். சாயங்காலம் நாலு மணிக்கு ஏறி நின்று வீடியோ கால் போடுவேன், மதுரையில் அப்போது ஏழரை. "இப்ப எங்க நிக்கிற?" என்றார் வீட்டுக்காரர். புற்று மேல் என்றேன். "பாம்பு இருக்கப் போவுது. நம்ம ஊரா இருந்தா மஞ்சத் துணி கட்டி உண்டியல் வச்சிருப்பாங்க, நீ செருப்புக் காலோட ஏறி நிக்கிற," என்றார். அதற்குப் பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினேன். சபைக்குத் தெரிந்தால் என்ன சொல்லியிருக்குமோ.

மழைக்காலத்தில் தகரக் கூரையில் மழை அடித்தால் எல்லா வகுப்பிலும் பாடம் நின்றுவிடும். டீச்சர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான் பிறந்து வளர்ந்தது மதுரை செல்லூரில், இரண்டு பக்கச் சுவருக்கும் அந்தப் பக்கம் விசைத்தறி. எங்கள் வீட்டில் "உப்பு எடு" என்று சொல்வதே தெருவுக்குக் கேட்கும்படிதான். மழையாவது ஒன்றாவது! அடிவயிற்றிலிருந்து எடுத்தேன் பாருங்கள், இருபடிச் சமன்பாடு. தலைமை ஆசிரியை குடையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார், யாரோ அடிபட்டு அலறுகிறார்கள் என்று நினைத்து. நிலைமை புரிந்ததும், அடுத்த மழைக்கு இன்னொரு வகுப்பையும் கொண்டுவந்து என் வகுப்பில் நெருக்கி உட்கார வைத்தார்.

இப்படியே இரண்டு வருடம் முடியப் போகிற நேரம் வந்தது. அந்த வகுப்புக்கு அடுத்த வருடம்தான் பொதுத்தேர்வு. கணக்கு என்றாலே மேசைக்கு அடியில் குனிந்துகொண்டிருந்தவர்கள் இப்போது கரும்பலகைக்கு வர அடித்துக்கொண்டார்கள். முன்பெஞ்சுப் பெண் என்னையே திருத்துகிற அளவுக்கு வந்திருந்தாள். எனக்கு அங்கே இருக்க வேண்டும். அவர்கள் பரீட்சை எழுதி முடித்து வெளியே வருகிற நாளில் வாசலில் நிற்க வேண்டும். வேறு எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஒரு சாயங்காலம் தலைமை ஆசிரியையும் நானும் மரத்தடியில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தோம். அவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னும் ஒரு வருடம் இருக்கிறீர்களா?"

இரண்டு வருடமாக எனக்கு "ஆமாம்" பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அது வெறும் சாப்பாட்டுக்குத்தான் போலிருக்கிறது. பெரிய விஷயம் வந்ததும் செல்லூர் ரத்தம் முந்திக்கொண்டது. "அய்யோ, நான் எதற்கு? என்னைவிட நல்ல ஆள் உங்களுக்குக் கிடைப்பார். உங்களுக்கு எதற்கு வீண் சிரமம்?" என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்து, அடக்கமாகக் கடலை உரித்தேன். இரண்டாவது கேள்விக்காகக் காது நீண்டுகொண்டு இருந்தது.

"புரிகிறது," என்றார் அவர். உரித்த கடலையை முறத்தில் தட்டிவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் அவர் அறை வாசலில் நடந்த நடை கொஞ்சமில்லை. சாக்பீஸ் கேட்கப் போவேன். வாங்கிய சாக்பீஸைத் திருப்பிக் கொடுக்கப் போவேன். பந்தியில் பாயசம் இரண்டாவது சுற்று வரும் என்று இலையை மடிக்காமல் உட்கார்ந்திருப்பவள் மாதிரி இருந்தேன். அவர் நன்றாகப் பேசினார், அதை மட்டும் பேசவில்லை. நானாகப் போய், "நான் இருக்கிறேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு விநாடி. ஆனால் வேண்டாம் என்று சொன்ன வாயால் வேண்டும் என்று போய் நிற்பதா என்ற வீம்பு. மனசுக்குள் அழுதேன், வெளியே விறைப்பாக நடந்தேன்.

கடைசி நாள் பிள்ளைகள் பாடினார்கள். முன்பெஞ்சுப் பெண் ஒரு காகிதப் பொட்டலத்தில் வறுத்த கடலை கொண்டுவந்து நீட்டினாள். நான் பழக்கத்தில் "வேண்டாம்" என்றேன். யாரும் விரலை நீட்டவில்லை. ஒன்று என்று கத்தவும் இல்லை. அவள் பொட்டலத்தை என் மேசை மேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆனையூருக்கு வந்து சேர்ந்தேன். வீட்டுக்காரர் இரண்டு வருடத்தில் ரசம் வைக்கக் கற்றிருந்தார், அதைத் தினமும் வைத்தார்.

செல்லூரில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினி தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார்: "வாம்மா, காபி குடிக்கிறியா?"

"குடுங்க மதினி."

மதினி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வீட்டில் பால் இல்லை. நான் வேண்டாம் என்பேன், இரண்டாவது தடவை கேட்பதற்குள் ஆளை அனுப்பி வாங்கிவிடலாம் என்பது அவருடைய திட்டம். எங்கள் விதியில் அதற்கும் இடம் உண்டு, நான்தான் மறந்துபோனேன். பிறகு கீழக்குயில்குடியில் ஒரு புதுமனை புகுவிழா. "இன்னொரு வடை?" என்றார் பரிமாறியவர். "வைங்க" என்றேன். "இன்னொண்ணு?" "வைங்க." மதினி என் வீட்டுக்காரர் காதில் கிசுகிசுக்கிறேன் என்று பந்திக்கே கேட்கும்படி சொன்னார்: "பாவம், ஆப்பிரிக்காவுல பட்டினி போட்டுட்டாங்க போல. எம்புட்டு ஆசையா தின்னுது பாருங்க."

வீடு திரும்பும்போது பைக்கின் பின்னால் உட்கார்ந்துகொண்டு அழுதுவிட்டேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "வடைக்காகவா அழுவுற?"

நடந்ததைச் சொன்னேன். கடலை உரித்தது, தலைமை ஆசிரியை கேட்டது, நான் சொன்னது.

"இருக்கணும்னு ஆசைப்பட்டியா?"

"ரொம்ப."

"அப்பறம் ஏன் வேண்டாம்னு சொன்ன?"

"அவங்க ஒரு வாட்டிதாங்க கேட்டாங்க!"

"ஒரு வாட்டி கேட்டா ஒரு வாட்டி பதில் சொல்லணும். அம்புட்டுதான்," என்றார். "இப்ப போன் பண்ணிச் சொல்லு."

"இந்நேரம் வேற ஆள் வந்திருப்பாங்க," என்றேன். பண்ணவில்லை. வீம்புக்குக் கடல் தாண்டியும் ஆயுசு கெட்டி.

அங்கே பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் ஏழரை மணிக்கு வீடியோ கால் வந்தது. தலைமை ஆசிரியை. பின்னால் வானம்தான் தெரிந்தது, புற்று மேல் நிற்கிறார் என்று புரிந்தது. அவருக்குப் பக்கத்தில் ஏறி நின்றுகொண்டிருந்தது முன்பெஞ்சுப் பெண்.

"கணக்குக்கு இன்னும் ஆள் வரவில்லை," என்றார் எடுத்தவுடன். "நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள் என்று வகுப்பில் சொன்னேன். இந்தப் பெண் நேராக என் அறைக்கு வந்து என்னோடு சண்டை போடுகிறாள். மேடத்தின் முதல் வேண்டாம் கணக்கில் சேராது, எங்கள் நோட்டில் இருக்கிறது, நீங்கள் ஏன் மறுபடி கேட்கவில்லை என்கிறாள். நான் யாரையும் இரண்டு தடவை கேட்டதில்லை. அது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்," என்றேன்.

"அன்றைக்கு மரத்தடியில் நீங்கள் சொன்னது பொய்யா?"

அந்தப் பெண் இரண்டு விரலை நீட்டிக் காட்டினாள்.

மூன்றாவது விரலுக்கு நான் காத்திருக்கவில்லை. "பொய்தான். வருகிறேன்," என்றேன். அங்கே அவள் போட்ட கூச்சலில் போன் கை நழுவி, கொஞ்ச நேரம் புற்றும் இரண்டு ஜோடிக் கால்களும் மட்டும் தெரிந்தன. ஒன்றிலும் செருப்பில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். வீட்டுக்காரர் ரசக் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது.

"எத்தன மாசம்?"

"பரீட்ச முடியுற வரைக்கும். பத்து மாசம் ஆகுங்க."

கரண்டியைத் தோள் துண்டில் துடைத்தார்.

"போகாத," என்றார்.

முதல் தடவை போகும்போது நான் எதிர்பார்த்து ஏங்கிய வார்த்தை அது. மரியாதைக்குச் சொல்கிற மனிதர் இல்லையே இவர். மனசில் இருப்பதைத்தான் சொன்னார், ஒரு தடவை. இரண்டு வருடம் ஒற்றை ஆளாக ரசம் வைத்தவரை நான் அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

எனக்கும் ஒரு பதில்தான் இருந்தது. அதையும் ஒரு தடவையில் சொல்ல வேண்டியிருந்தது.

"போகணுங்க."

இரண்டாவது தடவை சொல்லியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது. அவர் சொல்லவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரணிலிருந்த பெட்டியை இறக்கினார். ஜிப்பை ஒரு தரம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"பொடி எம்புட்டு அரைக்கணும்?"